லவ் பேர்ட்ஸ் முட்டை வைக்கப் போகிறதா? பானை கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

போன மார்கழியில் ஒரு நாள், விடியற்காலை ஐந்தரை மணி இருக்கும். கோலம் போட எழுந்த அம்மா கூண்டை எட்டிப் பார்த்துவிட்டு, "பாப்பா கீழ உக்காந்திருக்குடா, குளிருது போல" என்றார். நான் தூக்கக் கலக்கத்தில் கூண்டின் மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொண்டேன். எங்கள் பெட்டைக் கிளி பாப்பாவுக்குக் குளிரவில்லை. முட்டை வெளியே வராமல் அடைத்துக்கொண்டிருந்தது. அது தெரிய எனக்கு மேலும் மூன்று மணி நேரம் ஆனது. மருத்துவரைத் தேடித் திருச்சி முழுக்கச் சுற்றியதில் இன்னும் இரண்டு மணி நேரம் போயிற்று. பாப்பா பிழைத்துக்கொண்டது, ஆனால் அது அதன் அதிர்ஷ்டம்தான். எனக்கு அன்று ஒன்றும் தெரியாது.

நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம். கீழே இருப்பதை வரிசையாகச் செய்யுங்கள்.

1. உங்களிடம் இருப்பது எந்தக் கிளி?

நம் ஊர்க் கடையில் "லவ் பேர்ட்ஸ்" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் பட்ஜரிகர், சுருக்கமாகப் பட்ஜி. ஆஸ்திரேலியாவின் சிறு கிளி. நீளமான வால், தலையிலும் முதுகிலும் கறுப்பு வரிகள், எடை முப்பது நாற்பது கிராம். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. உருண்டை உடம்பு, கட்டை வால். அதைக் கடைக்காரர்கள் "ஆப்பிரிக்கன்" என்று தனியாகச் சொல்வார்கள்.

பேரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. நான் "லவ் பேர்ட்ஸ்" என்று தேடிப் படித்தது அத்தனையும் ஆப்பிரிக்கனுக்கான விஷயம். அது ஓலை, நார் எல்லாம் கிழித்துக் கூடு கட்டும். நானும் முட்டை வைக்கக் கூண்டில் கட்டிய பானை நிறையத் தேங்காய் நார் அடைத்தேன். பாப்பா இரண்டே நாளில் அத்தனையையும் வெளியே இழுத்துப் போட்டது. பட்ஜி கூடு கட்டாது. நார் உள்ளே தங்கியிருந்தால் குஞ்சின் காலில் சுற்றிக்கொள்ளும் அபாயம் வேறு. அடைகாக்கும் நாள் கணக்கும் இரண்டுக்கும் வேறு வேறு. இந்தக் கட்டுரை பட்ஜிக்கு மட்டும்.

காகித வேலையையும் இங்கேயே முடித்துவிடுவோம். பட்ஜி வளர்க்க உரிமம், பதிவு எதுவும் தேவையில்லை. கடை பில்லை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக்கிளி அப்படி இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். மரத்திலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்த்தேன் என்பதெல்லாம் செல்லாது, வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். கொன்யூர், ஆப்பிரிக்கன் கிரே, மக்காவ் போன்ற வெளிநாட்டுப் பறவைகள் சைட்டீஸ் என்ற, அரிய உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் வருவதால் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். குஞ்சு பொரித்தால் அதையும் அங்கே தெரிவிக்க வேண்டும்.

2. ஆணா, பெண்ணா, வயது என்ன?

அலகுக்கு மேல் மூக்குத்துளை இருக்கும் சதையைப் பாருங்கள். கிளி வளர்ப்பவர்கள் பேச்சில் அது "மூக்கு". வளர்ந்த ஆணுக்குப் பளிச்சென்ற நீலம். பெண்ணுக்கு வெள்ளையோ வெளிர் நீலமோ இருந்து, முட்டை வைக்கும் பருவம் வந்ததும் கருப்பட்டித் துண்டு மாதிரி பழுப்பாகித் தடித்துச் சொரசொரப்பாகும். அதைப் பார்த்துத் தோல் நோய் என்று மஞ்சள் தடவியவர்கள் உண்டு. தடவாதீர்கள். சிவப்புக் கண் கொண்ட வெள்ளை, மஞ்சள் கிளிகளில் ஆணின் மூக்கு நீலமாகவே ஆகாது, இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும். அதைப் பெண் என்று தலையில் கட்டிவிடுவார்கள்.

வயதில்தான் பெரிய பொறி. நெற்றி வரிகள் மூக்கு வரை இறங்கியிருந்தால் அது மூன்று நான்கு மாதம்கூட நிரம்பாத குஞ்சு. அதன் பிறகு முதல் இறகு உதிர்ந்து நெற்றி வெளுக்கும். ஆறு மாதத்திலேயே இவை இணை சேரும், கடைக்காரரும் "ப்ரீடிங் பேர் சார், உடனே முட்டை வைக்கும்" என்று சொல்லித்தான் விற்பார். வைக்கும்தான், அந்த வயதில்தான் முட்டை அடைத்தும் கொள்ளும். பெட்டைக்கு ஒரு வயது ஆகும்வரை பானை கட்டாதீர்கள். பாப்பாவுக்கு அப்போது எட்டு மாதம். நான் செய்த முதல் தப்பு அதுதான்.

3. முட்டை வைக்கப் போகிறது என்று எப்படித் தெரியும்?

அறிகுறிகள் இரண்டு கட்டமாக வரும்.

முதல் கட்டம் நடத்தையில். சாதுவாக இருந்த பெட்டை கையை நீட்டினால் கொத்தும். குச்சி, காலண்டர் அட்டை, பானையின் விளிம்பு என்று கிடைப்பதையெல்லாம் கறும்பும். இருட்டான மூலையைத் தேடும். தீவனக் கிண்ணத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்வதும் உண்டு. ஆண் தலையை மேலும் கீழும் ஆட்டி ஆட்டி, தன் வாயிலிருந்து கக்கி அதற்கு ஊட்டும். பிறகு இணை சேரும். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அதிலிருந்து எட்டு முதல் பத்து நாளுக்குள் முதல் முட்டையை எதிர்பார்க்கலாம்.

இரண்டாம் கட்டம் உடம்பில். முட்டைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே தெரிய ஆரம்பிக்கும். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் கால்களுக்குப் பின்னால், வாலுக்குக் கீழே, ஒரு மேடு தெரியும். எச்சத் துவாரம் வீங்கிச் சற்றே துருத்தியிருக்கும். உட்காரும்போது வால் மெல்ல மேலும் கீழும் போகும். தண்ணீர் அதிகம் குடிக்கும். ஆனால் என்னைக் கேட்டால் தப்பாத அடையாளம் எச்சம்தான். சாதாரணமாக மிளகு அளவு இருப்பது சுண்டைக்காய் அளவுக்குக் கொழகொழவென்று வரும், நாற்றமும் அடிக்கும். பானைக்குள் அசுத்தம் செய்யக் கூடாது என்று நெடுநேரம் அடக்கி வைத்திருந்து ஒரேயடியாகப் போடுவதால் அப்படி. வயிற்றுப்போக்கு என்று பயந்து மருந்து வாங்க ஓடாதீர்கள். அதே சமயம், எச்சம் தண்ணீராகப் பச்சையாகப் போய், தீவனமும் எடுக்கவில்லை என்றால் அது வேறு. அதற்கு மருத்துவர்தான்.

சமையலறையில் கிராம் காட்டும் தராசு இருந்தால் தினம் காலையில் நிறுத்துப் பாருங்கள். அடுத்த முறை நான் அப்படிச் செய்தேன். 36 கிராம் இருந்த பாப்பா முதல் முட்டைக்கு முந்தைய நாள் 41 காட்டியது. வயிற்றில் மேடு இருந்து வாரக்கணக்கில் முட்டையே வரவில்லை என்றால் அது கொழுப்போ, நீரோ, கட்டியோ. காட்டிவிடுங்கள்.

இன்னொன்று: ஆண் இல்லாமல் தனியாக வளரும் பெட்டையும் முட்டை வைக்கும். கோழி மாதிரிதான். பொரிக்காது, அவ்வளவே. ஆனால் கால்சியமும் கவனிப்பும் அதற்கும் அதே அளவு வேண்டும். "ஒத்தைக் கிளிதானே" என்று அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

4. கால்சியம்: இதை முதலில் தொடங்குங்கள்

ஒரு முட்டை சுமார் 2 கிராம். நாற்பது கிராம் கூட இல்லாத பறவை ஒரு நாள் விட்டு ஒரு நாள் அப்படி ஐந்தாறு போடுகிறது. ஓடு பெரும்பாலும் கால்சியம். சாப்பாட்டில் அது இல்லையென்றால் தன் எலும்பிலிருந்து எடுத்துக்கொடுக்கும். அதுவும் போதாமல் போனால் முட்டையின் ஓடு தோலாக நிற்கும், வயிற்றுத் தசைக்கும் தள்ளும் தெம்பு இருக்காது. நாம் கொட்டும் தினையிலும் சாமையிலும் கால்சியம் மிகக் குறைவு. நான் வெறும் தினைதான் போட்டுக்கொண்டிருந்தேன்.

இணை சேரும் என்று தோன்றுவதற்கு மூன்று வாரம் முன்பே இவற்றைத் தொடங்கிவிடுங்கள்.

கடல் நுரை. கணவாய் மீனின் ஓடுதான் அது. கிளிக் கடையில் பாக்கெட்டில் போட்டு அறுபது ரூபாய் சொன்னார்கள். அதே சாமான் நாட்டு மருந்துக் கடையில் "கடல் நுரை" என்று கேட்டால் இருபது ரூபாய்க்கு இரண்டு துண்டு. இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறப் போட்டு, உப்பு இறங்கியதும் வெயிலில் நன்றாகக் காயவைத்து, மெத்தென்ற பக்கம் கிளியைப் பார்க்கும்படி கம்பியில் கட்டுங்கள். பல நாள் தொடாமல் விட்டிருக்கும், கவலைப்படாதீர்கள். முட்டை உருவாகும்போது ஒரே இரவில் பாதியைக் காலி செய்துவிடும்.

கோழிமுட்டை ஓடு. பத்து நிமிடம் கொதிக்கவைத்து, காயவைத்து, அம்மியிலோ மிக்ஸியிலோ ரவை பதத்துக்குப் பொடித்து ஒரு சின்னக் கிண்ணத்தில் தனியாக வையுங்கள். தேவைப்படும்போது தானே எடுத்துக்கொள்ளும்.

கீரை. முருங்கைக்கீரை கொத்தோடு கட்டித் தொங்கவிட்டால் காம்பு வரை மிச்சம் வைக்காது. கொத்தமல்லித் தழையும் நல்லது. பாலக் மட்டும் வேண்டாம். அதிலிருக்கும் ஆக்ஸலேட் கால்சியத்தை உடம்பில் சேரவிடாமல் கட்டிப்போடும்.

வெயில். காலை வெயில் கால் மணி நேரம், கூண்டின் ஒரு பாதி நிழலில் இருக்கும்படி. வைட்டமின் டி இல்லாமல் தின்ற கால்சியம் உடம்பில் ஒட்டாது. கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலால் பயனில்லை, தேவையான கதிரைக் கண்ணாடி வடிகட்டிவிடும்.

வேகவைத்த முட்டையும் முளைகட்டிய பச்சைப்பயறும் வாரம் இரண்டு நாள் போதும். தினமும் கொடுத்தால் சத்து ஏறி, ஓயாமல் முட்டை வைக்கத் தொடங்கும். முட்டையை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும், நம் ஊர் வெக்கையில் கெட்டுவிடும். கால்சியம் சிரப்பை நீங்களாக வாங்கித் தண்ணீரில் ஊற்றாதீர்கள், அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். பட்டர் ஃப்ரூட்டும் சாக்லேட்டும் கிளிக்கு விஷம்.

5. பானையும் கூண்டும்

பெயின்ட் அடிக்காத மண்பானை, பக்கவாட்டில் இரண்டு அங்குல ஓட்டை, எண்பது ரூபாய். ஊறவைத்துக் கழுவிக் காயவைத்து, கூண்டின் மேல் மூலையில் ஆடாமல் கட்டுங்கள். வாசலுக்கு நேரே ஒரு குச்சி. உள்ளே ஒன்றும் வேண்டாம். மனசு கேட்கவில்லை என்றால் ஒரு பிடி மரச் சீவல். மரப்பெட்டி வைப்பவர்கள் அடிப்பலகை நடுவில் குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். தட்டையாக இருந்தால் முட்டை உருளும், குஞ்சுக்குக் கால் அகன்றுபோகும். பெட்டியைத் திறந்து பார்ப்பதும் சுத்தம் செய்வதும் சுலபம்தான். ஆனாலும் நம் வெயிலுக்குப் பானை குளுமை, என் ஓட்டு அதற்குத்தான்.

ஒரு கூண்டில் ஒரு ஜோடி. பல ஜோடிகளைச் சேர்த்துப் போட்டால் பெட்டைகள் பானைக்காக ரத்தம் வரும்வரை சண்டை போடும். சித்திரை வைகாசியில் பானை கட்டவே கட்டாதீர்கள்.

எறும்பைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள். பொரித்த குஞ்சை ஒரே ராத்திரியில் மொய்த்துக் கொன்றுவிடும். கூண்டு ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்துங்கள். எறும்பு சாக்பீஸ், மருந்துப் பொடி எதுவும் கூண்டுக்குப் பக்கத்தில் ஆகாது. கொசுவர்த்திப் புகையும் அப்படித்தான். நான்ஸ்டிக் தவா காய்ந்து தீய்ந்தால் வரும் புகை மனிதனுக்கு ஒன்றும் செய்யாத அளவிலேயே கிளியைக் கொல்லும். கூண்டு சமையலறைக்குப் பக்கத்தில் இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

6. மருத்துவரை இப்போதே கண்டுபிடியுங்கள்

முட்டை வரும் முன். அடைத்துக்கொண்ட பிறகு தேடினால் என் கதிதான். நான் முதலில் போன இடத்தில் "மாடு, ஆடு, நாய் பாக்குறோம், குருவியெல்லாம் பாக்குறதில்ல தம்பி" என்றார்கள். அடுத்த இடத்தில் பத்து மணிக்கு மேல்தான் திறப்பார்கள். மூன்றாவதாக ஊரின் மறுகோடியில் ஒரு தனியார் மருத்துவர் பார்த்தார். அதனால் முன்கூட்டியே போன் செய்து இரண்டே கேள்வி கேளுங்கள்: சின்னக் கிளி பார்ப்பீர்களா, ஞாயிற்றுக்கிழமை இருப்பீர்களா. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகள் எது பக்கமோ அதையும் விசாரித்துப் புறநோயாளி நேரத்தைக் குறித்து வையுங்கள்.

முட்டை அடைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்காரும். கண் சொருகும். வால் பலமாக அடிக்கும், முக்கும், ஒன்றும் வராது. எச்சமும் நின்றிருக்கும். கால் வலுவிழந்து குச்சியைப் பிடிக்க முடியாது. ஒழுங்காக வரும் முட்டைக்கும் கொஞ்ச நேரம் முக்கத்தான் செய்யும். ஆனால் தரையில் உட்கார்ந்துவிட்டது என்றால் "சாயங்காலம் பார்க்கலாம்" என்று இருக்காதீர்கள். ஒரு நாள் தாங்காது.

கிளம்பும் வரை செய்ய வேண்டியது ஒன்றுதான், சூடு. சின்ன அட்டைப்பெட்டியில் ஈரத்தைப் பிழிந்த வெதுவெதுப்பான துணி, அதன் மேல் காய்ந்த துணி, அதில் கிளி. ஒரு பக்கம் மட்டும் வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி வையுங்கள், அதிகமானால் தள்ளி உட்கார இடம் வேண்டும். உள்ளே முப்பது டிகிரிக்கு மேல் கொஞ்சம் இருந்தால் போதும். வாயைத் திறந்து இரைத்தால் சூடு அதிகம்.

செய்யவே கூடாதவை: வயிற்றை அமுக்குவது, முட்டையை இழுப்பது. உள்ளே உடைந்தால் பிழைப்பது கஷ்டம். எதிர்வீட்டுப் பாட்டி விளக்கெண்ணெய் இரண்டு சொட்டு வாயில் விடச் சொன்னார். நல்ல மனசுதான். ஆனால் எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் முட்டைக்கு முன் அதுவே கொன்றுவிடும்.

போகும்போது எச்சம் விழுந்த காகிதம், கிளி முக்கும் வீடியோ, கடைசி முட்டை வைத்த தேதி மூன்றும் கையில் இருக்கட்டும். பாப்பாவுக்குக் கால்சியம் ஊசி போட்டு வெதுவெதுப்பில் வைத்தார்கள். முக்கால் மணி நேரத்தில் முட்டை வந்தது. ஓடு ரப்பர் பந்து மாதிரி அமுங்கியது. கட்டணம், ஊசி, ஆட்டோ எல்லாம் சேர்த்து எனக்கு 950 ரூபாய். இருபது ரூபாய்க் கடல் நுரையை மிச்சம் பிடித்த பலன்.

7. முதல் முட்டைக்குப் பிறகு நாள் கணக்கு

ஒரு நாள் விட்டு ஒரு நாள், மொத்தம் நான்கிலிருந்து ஆறு. எட்டு வைப்பதும் உண்டு. பெட்டை முதல் அல்லது இரண்டாம் முட்டையிலிருந்தே அடையில் உட்காரும், ஒவ்வொரு முட்டைக்கும் சுமார் 18 நாள். வைத்த வரிசையிலேயே ஒரு நாள் விட்டு ஒரு நாள் பொரிக்கும். கடைசிக் குஞ்சு வரும்போது மூத்தது அதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும், பயப்பட வேண்டாம். ஆண் அடைகாக்காது, பெட்டைக்கு ஊட்டும். அதைப் பிரிக்காதீர்கள்.

ஏழாம் நாள் வாக்கில், பெட்டை வெளியே வந்திருக்கும் நேரமாகப் பார்த்து, முட்டையைக் கையில் எடுக்காமலே செல்போன் டார்ச்சைக் கிட்டே காட்டுங்கள். சிவப்பு நரம்பு தெரிந்தால் கரு கூடியிருக்கிறது. மஞ்சளாகத் தெளிவாக இருந்தால் கூமுட்டை. கூமுட்டையையும் உடனே எடுக்காதீர்கள், மற்ற முட்டைகள் உருளாமல் அண்டக் கொடுக்கும். ஒரு நாளில் ஒரு முறைக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டாம். கூண்டை இடம் மாற்றவும் வேண்டாம். தீபாவளி குறுக்கே வரும் என்றால் பானையை அதற்குப் பிறகு கட்டுங்கள். வெடிச் சத்தத்தில் பெட்டை பதறிப் பாய்ந்தால் முட்டை உடையும்.

8. குஞ்சு வேண்டாம் என்றால்

பானையே கட்டாதீர்கள். கிண்ணத்திலோ தரையிலோ முட்டை வைத்துவிட்டால் எடுத்து எறியாதீர்கள். எடுக்க எடுக்க ஈடுகட்ட இன்னொன்று வைக்கும், எலும்பு கரையும். தனிப் பெட்டையின் முட்டை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள், மூன்று வாரம் போல உட்கார்ந்து பார்த்துச் சலித்துத் தானே எழுந்துவிடும். ஜோடி இருந்தால், வைத்த அன்றே முட்டையை எடுத்துக் கொதிநீரில் போட்டு, ஆறியதும் அதே இடத்தில் திருப்பி வைத்துவிடுங்கள். மாலை ஆறு மணிக்கே கூண்டைத் துணியால் மூடி, வெளிச்சம் பத்து மணி நேரத்துக்கு மேல் படாமல் பார்த்துக்கொண்டால் பருவம் அடங்கும். நாங்கள் ராத்திரி பதினொரு மணி வரை டிவி ஓடும் கூடத்தில்தான் கூண்டை வைத்திருந்தோம். எங்கள் பாப்பாவுக்கு வருஷம் முழுக்கக் கோடை.

9. பானையைக் கழற்றுவது

குஞ்சுகள் ஐந்து வாரத்தில் பானையை விட்டு வெளியே வரும். அதற்குப் பிறகும் ஒரு வாரம் பத்து நாள் அப்பா ஊட்டும். தானாகத் தினை உரித்துத் தின்னும்வரை பிரிக்கக் கூடாது. கடைசிக் குஞ்சு வெளியே வருவதற்கு முன்பே பெட்டை அடுத்த முட்டையை வைத்துவிடுவதும் உண்டு, அதைத் தடுக்க முடியாது. ஒரு முறை முட்டை வைத்துக் குஞ்சு பொரித்து வளர்ப்பது ஒரு ஈடு. இரண்டாவது ஈடு முடிந்ததும் பானையைக் கட்டாயம் கழற்றுங்கள். வருஷத்துக்கு இரண்டு ஈடு போதும், பெட்டைக்கு ஆறு மாதமாவது ஓய்வு வேண்டும்.

எங்கள் வீட்டில் பானை பரணில் இருக்கிறது. பாப்பா அது இருந்த மூலையில் இரண்டு நாள் கம்பியைக் கறும்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூன்றாம் நாள் தன் ஜோடி ராஜாவோடு சேர்ந்து முருங்கைக் கொத்தைப் பிய்க்கப் போய்விட்டது. மூக்கு மறுபடி வெளுக்க ஆரம்பித்திருக்கிறது.